செங்கம் ரோட்டுக் குழியில் கேட்ட குரல்

திருவண்ணாமலையில் எழுபதுகளில் டெலிபோன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மண்டிக்காரர்கள், டாக்டர்கள், வக்கீல்கள், சில லாட்ஜுகள், அரசு அலுவலகங்கள். அவர்கள் பேசிய பேச்செல்லாம் பலராமன் முறுக்கிச் சேர்த்த கம்பிகள் வழியாகத்தான் போய் வந்தது. ஆனால் அவர்களில் ஒருவருக்கும் பலராமனைத் தெரியாது. ரோட்டோரம் ஒரு குழி, மேலே கிழிந்த தார்ப்பாய், பக்கத்தில் சாய்த்து வைத்த சைக்கிள். பார்த்தவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

அவர் கேபிள் ஜாயின்டர். மண்ணுக்கடியில் ஓடும் கேபிளின் மேல்தோல் ஈயம். உள்ளே கற்றை கற்றையாகச் செப்புக் கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் காகித உறை. இரண்டு கேபிள்களின் முனைகளை எதிரெதிரே வைத்து, ஜோடி ஜோடியாகக் கம்பிகளை முறுக்கி, காகிதக் குழல் மாட்டி, எல்லாவற்றையும் ஓர் ஈயக் கூட்டுக்குள் அடைத்து, ஊதுவிளக்கால் சூடேற்றி, உருகிய ஈயத்தைத் துணியால் வழித்து மூட வேண்டும். ஊசி நுழையும் ஓட்டை இருந்தால் போதும், மழைத் தண்ணீர் இறங்கிவிடும். காகிதம் நனைந்தால் ஒருவர் பேச்சு இன்னொருவர் கம்பியில் கேட்கும். அப்போது மறுபடியும் பள்ளம் தோண்டி, கூட்டைத் திறந்து, ஈரத்தை எடுத்து, முதலிலிருந்து எல்லாம்.

சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். மழையை நம்பிக் கடலை போடும் கொல்லையும் ஓட்டு வீடும் இருந்தன. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா ஆதிலட்சுமிதான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். இளையவன் கோதண்டராமன். எந்த வேலையிலும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காதவன், ஆனால் இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் இருக்கும். மூச்சை உள்ளே இழுத்து இழுத்துச் சிரிப்பான். சூடான காப்பியை உறிஞ்சுவது போலக் கேட்கும். கல்யாணம் ஆகி, திரௌபதி என்று ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது. குழந்தையை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'கட்டெறும்பு' என்பான்.

எழுபத்தைந்தில் டெலிபோன் இலாகாவில் பள்ளம் தோண்டும் கூலியாட்களை எடுத்தார்கள். பலராமன் பொறியாளர் முன்னால் கைகட்டி நின்று தம்பிக்கு ஒரு வாய்ப்பு வாங்கினார். வரச் சொன்ன அன்று கோதண்டராமன் வரவில்லை. பலராமன் தேடிப் போனபோது பஸ் ஸ்டாண்டில் நாலு பேரோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் பலராமன் அவனை ஓங்கி அறைந்தார். கோதண்டராமன் கன்னத்தைத் தடவிக்கொண்டு அண்ணனை ஒரு தடவை பார்த்தான். புறப்பட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

வந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். மாதம் ஒன்று போயிருக்கும். சோமாசிபாடிப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் பிணம் மிதக்கிறது, ஆள் அடையாளம் பார்க்க வா என்று போலீஸ்காரர் ஒருவர் வந்து அழைத்துப் போனார். தண்ணீரில் பல நாள் ஊறிய உடம்பு. முகம் முகமாக இல்லை. உடம்பில் நீலக் கட்டம் போட்ட சட்டை. தீபாவளிக்கு அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே துணியில் தைத்த சட்டை அந்த மாதிரிதான்.

"நல்லா பாத்து சொல்லுப்பா. இவன்தானா?" என்றார் போலீஸ்காரர்.

பலராமனால் நல்லா பார்க்க முடியவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவருக்குக் கன்னத்தில் கை வைத்தபடி பார்த்த தம்பியின் கண்தான் தெரிந்தது. அடித்த அடிக்கு இதுதான் பலன் என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

"ஆமாங்க. என் தம்பிதான்."

கொல்லையின் மூலையில், புங்க மரத்தடியில் புதைத்தார்கள். பெண்களுக்கு முகத்தைக் காட்டவில்லை. காட்டுகிற நிலையிலும் இல்லை. கோதண்டராமனின் பெண்டாட்டி சரசுவுக்கு அப்போது இருபது வயதைத் தாண்டி கொஞ்ச நாள்தான். காரியத்தன்று நெற்றியை அழித்து, தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். ஆதிலட்சுமி அதற்கப்புறம் சோறு இறங்காமல் படுத்தாள், அடுத்த தை பிறக்குமுன் போய்ச் சேர்ந்தாள். சரசு அதே வீட்டில் குழந்தையோடு தங்கினாள். கடலை பறிக்கப் போனாள், களை எடுக்கப் போனாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்தபோது ஆதரவில்லாத பெண்களுக்கு முன்னுரிமை என்றார்கள். அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது.

எண்பத்து நாலில் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் சில வாரமே இருக்க, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டியிருந்த போன்கள் எல்லாம் கரகரத்தன. ஒருவர் போனை எடுத்தால் ஊரே பேசியது. பலராமனும் லைன்மேன் இராமலிங்கமும் காலையிலேயே பள்ளத்தைத் திறந்தார்கள். நினைத்தது சரி. ஈயக் கூட்டில் ஒட்டு விட்டுத் தண்ணீர் இறங்கி, உள்ளே காகிதமெல்லாம் ஊறிக் கிடந்தது.

மதிய வெளிச்சத்தில், முழங்கால் தண்ணீரில் குத்துக்காலிட்டு, பலராமன் ஒவ்வொரு ஜோடியாகச் சோதிக்கும் போனை மாட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். யாராவது பேசுவது கேட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். அது இலாகா விதி. பலராமனுக்கு அது விதியாகக்கூடத் தெரியாது. ஊரான் பேச்சு நமக்கு எதற்கு என்று கை தானாக எடுத்துவிடும்.

ஒரு ஜோடியில் மாட்டியதும் எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல் கேட்டது. பக்கத்து லாட்ஜ் ஒன்றின் நம்பரைச் சொல்லி, "உங்க பெங்களூர் டிரங்க் கால் கெடைச்சிருக்கு, பேசுங்க" என்றாள். எடுக்கப் போன பலராமனின் கை பாதியில் நின்றது.

"ரேணு! கேக்குதா? நான்தான்! கட்டெறும்புக்கு ஜொரம் எறங்குச்சா?"

வெளியூர் டிரங்க் காலில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். காதைக் கிழித்துக்கொண்டு வந்தது அந்தக் குரல். தூரத்திலிருந்து ஒரு பெண், "எறங்கிடுச்சுங்க, நீங்க எப்ப வரீங்க?" என்றாள்.

"வெள்ளக்காரங்க மலைய சுத்திட்டுதான் கெளம்புவாங்களாம். நாளன்னிக்கு வந்துடுவேன். பத்தரமா வரணுமா? நீ வேற, என்னைய எவ தூக்கிட்டுப் போவப் போறா!"

பிறகு சிரித்தான். மூச்சை உள்ளே இழுத்து இழுத்து.

பலராமன் பின்னால் சாய்ந்து பள்ளத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். போன் கையிலிருந்து நழுவி சேற்றில் விழுந்தது. மேலே நின்ற இராமலிங்கம் எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணா, மணியடிக்கிற ரிங் கரண்டு ஷாக் அடிச்சுதா?"

"கோதண்டன் பேசுறான்டா."

"எந்தக் கோதண்டன்?"

"என் தம்பி."

பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் இராமலிங்கமும் ஒருவன். குனிந்து பலராமனின் தோளைப் பிடித்தான். "ண்ணா, மொதல்ல மேல வாங்க. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடாம தண்ணியிலயே கெடந்தா எதனா ஒண்ணு காதுல கேக்கத்தான் செய்யும்."

பலராமன் மேலே ஏறினார். நிற்காமல், சேறு வழிய, லாட்ஜை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அந்த வழியில் எந்த நம்பர் எந்தக் கட்டடம் என்று அவருக்கு விளக்குப் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. நடக்கும்போதே இது வேறு யாரோ, ஒரே மாதிரி சிரிக்கிறவன் உலகத்தில் எத்தனை பேர், என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

லாட்ஜ் வாசலில் கர்நாடகா நம்பர் போட்ட வேன் நின்றது. தாடி வைத்த, கொஞ்சம் சதை போட்ட ஆள் ஒருவன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். துணி அவன் கையிலிருந்து விழுந்தது.

"ண்ணா?"

பலராமன் கிட்டே வந்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்தார். சூடாக இருந்தது. நாடி துடித்தது. வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கோதண்டராமன் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னுமா கோவம் போவல?"

"நீ செத்துட்டடா."

"இன்னா?"

"செத்துட்ட. சோமாசிபாடி கெணத்துலேர்ந்து எடுத்தோம். நம்ம கொல்லையில பொதைச்சோம். அம்மா உன்னையே நெனச்சி நெனச்சி போயிட்டா. சரசு அறுத்துட்டு நிக்கிறா."

கோதண்டராமன் வேனைப் பிடித்துக்கொண்டான். அம்மா போன சேதி அவனுக்கு அப்போதுதான் தெரியும். "நான் செத்துட்டேன்னு யாருண்ணா சொன்னது?" என்றான்.

"நான்தான்."

உள்ளேயிருந்து வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி வந்து ஏதோ கேட்டாள். இருவருக்கும் அவள் நின்றதே தெரியவில்லை, அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அப்புறம்தான் கோதண்டராமன் துண்டு துண்டாகச் சொன்னான். ஏறிய பஸ் பெங்களூருக்குப் போனது. லாரியில் கிளீனராகச் சேர்ந்தான், பிறகு டிரைவர். நாலு நாள் கழித்துத் திரும்பலாம் என்று நினைத்தான், நாலு மாதம் ஆயிற்று. அப்புறம் எந்த முகத்தோடு வருவது என்று விட்டுவிட்டான். அங்கே ரேணுகாம்பாளைக் கட்டிக்கொண்டு இரண்டு குழந்தைகள். "நான் இல்லன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்கன்னு நெனச்சேன்ணா. இந்த ஊரு சவாரின்னதும் வேணான்னுதான் சொன்னேன். மொதலாளி கேக்கல."

கடைசியில், "கொழந்த இன்னா பண்றா?" என்று கேட்டான்.

"அஞ்சாவது படிக்கிறா."

சரசுவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலராமன் அதைக் கவனித்தார்.

மறுநாள் கீழ்பென்னாத்தூருக்குப் போனார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, சரசு பள்ளிக்கூடத்தின் பின்னால் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவளைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

"சரசு, கோதண்டன் உயிரோட இருக்கான். நேத்து பாத்தேன்."

அவள் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னார். பெங்களூர், ரேணுகாம்பாள், இரண்டு குழந்தைகள், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சாம்பல் பூசிய கை அண்டாவுக்குள் மெதுவாகி நின்றது. அவள் எழுந்தாள். கண் அவர் மேல் இருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

"அப்போ நம்ம கொல்லையில படுத்திருக்கிறது யாரு மாமா?"

நேற்றிலிருந்து இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. தம்பி இருக்கிறான் என்கிற அதிர்ச்சியிலேயே மூழ்கிக் கிடந்தார். எவன் அவன்? எந்த ஊர்? எவள் அவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்? தான் வாய் திறந்து சொன்ன ஒரு வார்த்தையால், தேடி வருகிறவர்களுக்கும் கிடைக்காமல் ஒரு மனிதனை மண்ணுக்குள் ஒளித்து வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு அவரைப் பாக்கணும்" என்றாள் சரசு. கைகளைக் கழுவிக்கொண்டு, அப்படியே அவரோடு பஸ் ஏறினாள்.

லாட்ஜ் வாசலில் கோதண்டராமன் தலை குனிந்து நின்றான். சரசு அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். நெற்றி, கண், தாடிக்குள் மறைந்த கன்னம். ஏதோ ஒரு சாமானை வாங்குமுன் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"எதனா சொல்லு சரசு. நாலு அடி வேணா அடி."

அவள் பலராமன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு யாரும் எனக்கு மொகத்தைக் காட்டல மாமா. இன்னிக்கு நானே பாத்துட்டேன். வாங்க போலாம்."

மறுநாள் காலையில் சரசு நெற்றி நிறையக் குங்குமமும் தலையில் பூவுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. அடுத்த வீட்டுத் தனம் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"இன்னாடி இது, புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"எம் புருசன் உயிரோடதான் இருக்கான். அப்புறம் நான் எதுக்கு மொட்ட நெத்தியோட திரியணும்?"

"அப்போ வூட்டுக்கு வரானா?"

"அவன் எதுக்கு வரான்? அவனுக்குக் குடும்பம் இருக்குது."

தலைமையாசிரியரிடம் அவளே போய், என்னை விதவை என்று எழுதியிருப்பீர்கள், கணவனால் கைவிடப்பட்டவள் என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள். அப்படிப்பட்டவர்களுக்கும் அந்த முன்னுரிமை உண்டு என்பதால் வேலை போகவில்லை. கோதண்டராமன் சவாரி முடிந்து பெங்களூர் போய்விட்டான். பிறகு ஒரு தடவை மகளைப் பார்க்க வந்தான். திரௌபதி அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பெரியப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அதற்கு மேல் அவன் வரவில்லை.

பலராமனுக்குத் தூக்கம் போயிற்று. காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். புதிதாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இத்தினி வருசம் கழிச்சு வந்து, அது என் தம்பி இல்லன்றியே, நான் இன்னாய்யா பண்றது?" என்றார். திட்டவும் இல்லை, உள்ளே போடவும் இல்லை. பழைய காகிதங்களைத் தேடச் சொன்னார், ஒன்றும் தேறவில்லை. பலராமன் தானாகவே சுற்ற ஆரம்பித்தார். கேபிள் வேலைக்குப் போகும் ஊரிலெல்லாம், அவசரநிலைக் காலத்தில் காணாமல் போன ஆண்பிள்ளை யாராவது உண்டா என்று விசாரித்தார். சிலர் அவரைக் குறி சொல்கிறவர் என்று நினைத்தார்கள். சிலர் பிள்ளை பிடிப்பவரோ என்று விரட்டினார்கள்.

அப்படித்தான் ஆராயி வந்து சேர்ந்தாள். அவலூர்ப்பேட்டைப் பக்கத்துக் கூலிக்காரப் பெண்மணி. அவள் மகன் கருப்பன் எழுபத்தைந்தில் கிணறு வெட்டும் வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. யாரோ சொல்லக் கேட்டு, விசாரித்துக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டாள். புங்க மரத்தடி மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னா சட்டைங்க போட்டிருந்தான்?"

"நீலக் கட்டம்."

"எம் புள்ளைக்கு ஏதுங்க அந்த மாதிரி சட்ட? யாராச்சும் குடுத்திருப்பாங்களோ இன்னமோ." மண்ணைக் கையால் தடவிப் பார்த்தாள். "நீங்கதான பாத்தீங்க. சொல்லுங்க சாமி, எம் புள்ளையா?"

பலராமன் மேட்டைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் அவள் தேடல் அத்தோடு முடியும். "எனக்குத் தெரியலம்மா" என்றார். "நான் அன்னிக்கு சரியா பாக்கல."

அவள் அழவில்லை. "ஆமான்னா அவன் இன்னியோட செத்துடுவான். இல்லன்னா நான் எங்க போயி அழறது?" என்றாள். சரசு வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து அவளைச் சாப்பிட வைத்தாள். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, கடலை பறிக்கும் சமயத்தில், ஆராயி வருவதும் சரசு வீட்டில் தங்குவதும் வழக்கமாயிற்று.

எண்பத்தொன்பதில் பலராமனை இலாகா சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. இனிமேல் கண்ணாடி இழைதான் என்றார்கள். பயிற்சி கொடுத்த ராஜேந்திரன் மேசை மேல் ஓர் இழையை வைத்தபோது பலராமனுக்கு முதலில் அது கண்ணிலேயே படவில்லை. தலைமுடி அளவு. இரண்டு முனைகளையும் நேராக நறுக்கி, சின்ன எந்திரத்தில் எதிரெதிரே வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மின்பொறி ஒன்று சுண்டி எரியும். கண்ணாடி உருகி ஒன்றாகிவிடும். காகிதமும் இல்லை, ஈயமும் இல்லை, ஊதுவிளக்கும் இல்லை.

"இதுல எத்தினி பேருங்க பேசலாம்?"

"ஆயிரக்கணக்குல. ஒரே நேரத்துல."

பலராமன் இழையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "போன் மாட்டினா எல்லாரும் கேப்பாங்களா?"

ராஜேந்திரன் சிரித்தார். "இதுல போன் மாட்ட முடியாதுங்க. உள்ளாற போறது வெறும் வெளிச்சம். ஒரு சத்தமும் வராது. கிட்டக் கண்ண வச்சு மட்டும் பாத்துடாதீங்க, கண்ணு கெட்டுடும்."

பலராமன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். செங்கம் ரோட்டில் அன்றைக்கு இந்த இழை இருந்திருந்தால், தம்பி இன்னும் புங்க மரத்தடியில்தான் கிடந்திருப்பான். சரசு நெற்றியில் பொட்டு ஏறியிருக்காது. ஆராயிக்கு உட்கார ஓர் இடம் கிடைத்திருக்காது. அது நல்லதா கெட்டதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் நறுக்கிய முதல் இழைகள் கோணலாகி வீணாயின. பயிற்சி முடியும்போது மற்றவர்களைப் போல அவரும் சேர்க்கக் கற்றுக்கொண்டார். உங்கள் ஊருக்கு அது வர இன்னும் காலம் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்த வாரம் கீழ்பென்னாத்தூருக்குப் போனார். ஆராயி வந்திருந்தாள். சரசுவும் அவளும் மேட்டைக் கூட்டி, சாணம் தெளித்து, இலை போட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார்கள். பக்கத்தில், ஆராயி கடையில் வாங்கி வந்த புதுச் சட்டை ஒன்று, மடிப்புக் கலையாமல் இருந்தது. சூடம் கொளுத்தி மூவரும் கும்பிட்டார்கள். சூடம் அணைந்ததும் ஆராயி சட்டையை எடுத்து, மண் ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, தன் துணிப்பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

பலராமன் அவளைப் பார்த்தார்.

"வந்தா போட்டுக்குவான்ல" என்றாள் ஆராயி.